வேதாளத்தின் நிபந்தனை

(வெள்ளவத்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் சங்கப் பாடல் பற்றியும் சைவ சித்தாந்தம் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் மந்திரவாதிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் தொலைபேசி எடுத்து, “என்ன மாஸ்டர், இந்த வயசிலை பேய்க் கதையோ?” என்று கேட்டார். கோபிக்கவில்லை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் பேய்க் கதையைப் பற்றிப் பேசினால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். 1939 மார்ச் 8ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் சென்ற் அண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், அண்ட்ரூ லாங் என்பவரின் நினைவாக ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசியவர் ஒக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் படிப்பித்த பேராசிரியர். எடுத்துக்கொண்ட பொருள் தேவதைக் கதைகள். ஐரோப்பாவில் யுத்தம் மூள இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. அந்த நேரத்தில் அவர் மேடையேறி, மாயக் கதை என்பது சிறுபிள்ளை விளையாட்டு இல்லை, ஒரு முழு உலகத்தைக் கட்டி அதை உள்ளுக்குள் முரண்படாமல் நிறுத்தி வைக்கிற வேலை என்று வாதிட்டார். அவர் பெயர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். மோதிரங்களின் தலைவனைப் பற்றிய அவருடைய பெருங்கதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளிவந்தது. ஆக, மந்திரவாதிகளுக்கும் நினைவுச் சொற்பொழிவுக்கும் உள்ள உறவு நான் தொடக்கியதில்லை.

என் கேள்வி சின்னது. ஒரு மாயக் கதைத் தொடரை நாம் ஏன் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்? முடிவு தெரிந்த பிறகும்?

விடையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னாலிருந்த ஒரு நெருக்கமான வளவில் கற்றேன்.

அந்த வளவில் ஏழு குடும்பங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த கொழும்புச் செட்டிமார், பக்கத்து ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பங்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலை. மாதம் ஒரு நாள், செட்டியார் தெரு வழியாக வரும்போது, கையிலிருக்கும் கடதாசிப் பைக்குள் அம்புலிமாமா இதழ் இருக்கும். வீட்டில் முதல் உரிமை அக்காவுக்கு, பிறகு எனக்கு, பிறகு வளவு முழுவதுக்கும். ஒரு பிரதி பதினைந்து பேரிடம் போய் அட்டை கழன்று திரும்பி வரும்.

ஏழு வீட்டிலும் பேசிய தமிழ் ஏழு விதம். அம்புலிமாமாவின் தமிழ் அந்த ஏழில் எதுவும் இல்லை. அது சென்னையில் அச்சான, யார் வீட்டிலும் பேசாத ஒரு தமிழ். அதனாலேயே அது எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது. யாருடைய வாய்மொழிக்கும் அதில் சலுகை கிடையாது. மாய உலகத்துக்குப் போகிற வழியில் எல்லாரும் ஒரே படலையைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

1947 ஜூலையில், இந்தியா விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இதழ் அது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கினார்கள். சினிமா பார்த்தவர்களுக்கு விஜயா புரொடக்‌ஷன்ஸ் என்றால் விளங்கும். பின்னாளில் பல மொழிகளில் வந்தது. சிங்களத்திலும் ‘அம்பிலி மாமா’ என்று வந்தது. 1950களின் தொடக்கத்திலிருந்து 1980இல் கண்மூடும் வரை அதன் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர் கொடவட்டிகண்டி குடும்ப ராவ். அவர் தெளிவான இடதுசாரி. தெலுங்கில் நடுத்தர வர்க்கத்தின் போலித்தனத்தைக் கிழித்து எழுதியவர். அப்படிப்பட்டவர் மாதந்தோறும் ராட்சதர்களையும் பூதங்களையும் அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

நாங்கள் மாதக் கணக்காகக் காத்திருந்து வாசித்த தொடர்கதைகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றை எழுதியவர் தாசரி சுப்பிரமணியம். 1954இல் ‘தோக சுக்க’, அதாவது வால்வெள்ளி, என்ற தொடரோடு தொடங்கி 1970களின் பிற்பகுதி வரை எழுதினார். இதழில் அவர் பெயர் வராது. நாங்கள் வாசித்தது தெலுங்கிலிருந்து வந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்று யாரும் கேட்கவுமில்லை. வேப்பமரத்தை நட்டது யாரென்று நிழலில் நிற்கிற பிள்ளை கேட்குமா? அவர் 2010இல் காலமான பிறகுதான் பெயரை நான் அறிந்தேன். அன்று எனக்கு வந்தது வெட்கம்.

1970களின் முற்பகுதியில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் இங்கே எழுத்தும் பதிப்பும் வளர்ந்தன, வீரகேசரிப் பிரசுரமாகப் பல நாவல்கள் வந்தன என்பதை இலக்கியம் படித்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் தொடர்கதை, கதாநாயகன் ஒரு மலைக்குகைக்குள் போய், பின்னால் கல் விழுந்து வாசல் மூடிய இடத்தில், ‘தொடரும்’ என்று நின்றது. அடுத்த இதழ் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அப்பாவிடம் கேட்டால், “வந்தால் கொண்டு வரமாட்டேனா?” என்பார்.

மூன்று மாதம் பொறுத்தோம். பிறகு நாங்களே எழுதுவதென்று முடிவெடுத்தோம்.

வளவில் ஐந்து பேர், ஒரு ஒற்றை றூள் கொப்பி. முதலாவது கூட்டத்தில் ஒருவன், குகைக்குள் ஒரு பறக்கும் பாய் கிடக்கிறது, நாயகன் அதில் ஏறி மேலே உள்ள துவாரத்தால் வெளியே போகிறான் என்றான். சொன்ன உடனேயே மற்ற நாலு பேரும் எதிர்த்தோம். அதில் ஒரு சிறுமி, எங்களில் ஆக இளையவள், சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அது சரிவராது. பறக்கேலுமெண்டால் அவன் முதல் நாளே பறந்திருப்பான்தானே? ஏன் இவ்வளவு தூரம் நடந்தவன்?”

கணிதத்தில் எடுகோள் என்று ஒன்று உண்டு. தொடக்கத்தில் நான்கைந்து கூற்றுகளை ஒப்புக்கொள்கிறோம். அதன் பிறகு புதிதாக ஒன்றை நடுவில் செருகக் கூடாது. செருகினால் எதையும் நிறுவலாம். எதையும் நிறுவலாம் என்றால் எதையும் நிறுவத் தேவையில்லை. அந்தச் சிறுமி சொன்னது இதைத்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது.

நாங்கள் பல நாள் சண்டை பிடித்தோம். முந்தைய அத்தியாயங்களில் எங்கோ ஒரு கிழவர் நாயகனுக்கு ஏதோ கொடுத்தது யாருக்கோ ஞாபகம் வந்தது. அதை வைத்துத்தான் அவனை வெளியே கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம். கொண்டுவருவதற்கு அவன் ஒன்றை இழக்க வேண்டும் என்றும் தீர்மானம். எதை இழப்பது என்பதில் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம், அது தீரவேயில்லை. பிறர் கதையில் இவ்வளவு அக்கறை எப்படி வந்தது என்று இன்று யோசித்தால், அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதை எழுதியவர் எங்களுக்குச் சொல்லாமலே படிப்பித்து விட்டிருந்தார் என்பது தெரிகிறது. அந்த உலகத்தின் சட்டம் எங்களிடம் இருந்தது. இதழ் இல்லாதபோதும் சட்டம் இருந்தது.

மாயக் கதைத் தொடர் ஒன்றை நான் எடைபோடுவது இந்த ஒரு படிக்கல்லால்தான். அதில் எவ்வளவு அற்புதம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அற்புதத்துக்கு என்ன தடை இருக்கிறது, அதற்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்று பார்க்கிறேன்.

இதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த உதாரணம், நீங்கள் எல்லாரும் அறிந்ததுதான். விக்கிரமாதித்தன் சுடுகாட்டுக்குப் போய், மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது. நிபந்தனையைக் கவனியுங்கள். வாய் திறந்தால் வேதாளம் திரும்பப் பறந்து மரத்தில் ஏறிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். இரண்டு விதி. இரண்டும் தனித்தனியே மிகச் சாதாரணம். சேர்த்து வைத்தால் தப்ப வழியில்லாத பொறி. உலகத்தின் மாயக் கதைகளில் இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு உறுதியாகக் கட்டிய இயந்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இது இருக்கிறது. அங்கே பிணம் தொங்குவது சிம்சுபா மரத்தில். வால்மீகியின் அசோக வனத்தில் சீதை உட்கார்ந்திருந்ததும் அதே சிம்சுபாவின் கீழ்தான். இலங்கையில் பேசுவதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. தமிழுக்கு வந்தபோது நம்மவர்கள் மரத்தை மாற்றினார்கள். சிம்சுபாவை எந்தப் பிள்ளை கண்டது? கிணற்றடியில் நிற்கிற முருங்கையில் வேதாளத்தை ஏற்றிவிட்டார்கள். “முருங்கையிலை ஏறாதை, கொப்பு முறியும்” என்று தினமும் ஏச்சு வாங்குகிற பிள்ளைக்கு, ஓர் அரசன் நள்ளிரவில் அதே மரத்தில் ஏறுகிறான் என்றால் எப்படியிருக்கும்! மொழிபெயர்ப்பு என்றால் இதுதான் என்பேன். சட்டத்தைத் தொடவில்லை, மரத்தை மட்டும் மாற்றினார்கள்.

இந்தத் தமிழ் வேதாளக் கதையை 1831இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் அரசுப் பணி பார்த்தவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் மொழிபெயர்த்தவர். பிறகு இங்கிலாந்து திரும்பி மருத்துவரானார். மனிதரின் தொண்டைக்குள் கண்ணாடி வைத்துக் குரல்வளையைப் பார்க்க முதன்முதல் கருவி செய்தவர்களில் ஒருவர் என்று மருத்துவ வரலாறு அவரை நினைவு வைத்திருக்கிறது. அந்தக் கருவியை அவர் காட்டியது 1829இல். கதை அச்சானது இரண்டு ஆண்டு கழித்து. வாய் திறந்தால் தோல்வி என்கிற கதையை மொழிபெயர்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

முடிவுக்கு வருவோம். ஒவ்வொரு கேள்விக்கும் அரசனுக்கு விடை தெரிகிறது. ஒவ்வொரு முறையும் தோற்கிறான். கடைசிக் கேள்வி வருகிறது. ஒரு தகப்பனும் மகனும் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைக் காண்கிறார்கள். பெரிய தடத்துக்கு உரியவள் தகப்பனுக்கு, சின்னத் தடத்துக்கு உரியவள் மகனுக்கு என்று உடன்படிக்கை. போய்ப் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சின்னது தாயுடையது. சொன்ன சொல் மாறாமல் அப்படியே மணம் முடிக்கிறார்கள். பிறக்கிற பிள்ளைகள் ஒன்றுக்கொன்று என்ன முறை? அரசனுக்குத் தெரியவில்லை. தெரியாததால் பேசவில்லை. பேசாததால் வேதாளம் பறக்கவில்லை. தெரியாமல் இருந்ததால் தலையும் வெடிக்கவில்லை. நாம் முதல் நாள் கேட்ட இரண்டு விதிகளுக்குள்ளேயே கதவு இருந்திருக்கிறது. புதுச் சாவி எதுவும் வெளியிலிருந்து வரவில்லை. அறிவாளியான அரசன் தன் அறியாமையால் வென்றான் என்பது எவ்வளவு பெரிய விடயம்! நாம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டதும், வேறு விதமாக முடிந்திருக்க முடியாது என்று படுகிறது.

அம்புலிமாமா அந்த முடிவுக்குப் போகவேயில்லை. பழைய கதைகள் தீர்ந்த பிறகு புதியவற்றைச் சமைத்து, பல பத்தாண்டுகள் அரசனை நடக்க வைத்தது. தோளில் பிணம், கையில் உருவிய வாள், பின்னால் சுடுகாடு: அந்த ஓவியத்தைத் தீட்டியவர் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன். 1952இல் இதழில் சேர்ந்தவர், 2020இல் 96 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுத்திருக்கலாம்.

விக்கிரமாதித்தனைப் பற்றி இன்னொன்று. ஆயிரம் ஆண்டு சிம்மாசனத்தில் இருந்து ஆளலாம் என்று அவனுக்கு வரம் கிடைக்கிறது. மந்திரி பட்டிக்குக் கிடைத்ததோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். அரசனுக்கு எப்படி இன்னோர் ஆயிரம் சேர்ப்பது? நாடாறு மாதம், காடாறு மாதம் என்கிறான் பட்டி. சிம்மாசனத்தில் இருக்கும் காலம்தான் கணக்கு. காட்டில் இருக்கும் காலம் கணக்கில் வராது. வரத்தின் சொல்லில் ஓர் எழுத்தையும் மீறாமல் ஆயுளை இரட்டிப்பாக்கிவிட்டான். கதை கேட்கிற பிள்ளை கைதட்டுவது இந்த இடத்தில்தான். புதிதாக ஒரு தெய்வம் தோன்றி இன்னோர் ஆயிரத்தைக் கொடுத்திருந்தால் கைதட்டல் வந்திராது.

இந்தப் படிக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆங்கிலத்துக்குப் போனேன்.

உர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ கதைகள் முழுவதும் தீவுகளில் நடக்கின்றன. முதல் பாகம் 1968இல் வந்தது. தீவில் பிறந்தவனுக்கு அதைக் கையில் எடுத்ததுமே ஓர் உறவு. நாயகன் கெட் மாநிறத்தவன். அவனை வெள்ளைக்காரனாக்கித் தொலைக்காட்சித் தொடர் எடுத்தபோது, 2004இல், ஆசிரியை பகிரங்கமாகக் கண்டித்தார். அந்த உலகத்தில் ஒரு பொருளின் மெய்யான பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். ஆனால் எதை மாற்றினாலும் உலகத்தின் சமநிலை அசையும். ஆகவே பெரிய மந்திரவாதி என்பவன் மந்திரம் செய்யாமல் இருக்கத் தெரிந்தவன். மூன்றாம் பாகத்தின் முடிவில் உலகைக் காக்க கெட் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுகிறான். அது வந்தது 1972இல். நான்காம் பாகம் 1990இல். இடையில் பதினெட்டு ஆண்டு. வேறொருவர் என்றால் எப்படியாவது அவனுக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். வாசகர்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். லெ குவின் கொடுக்கவில்லை. செலவழித்தது செலவழித்ததுதான். அவன் ஆடு மேய்க்கிறான். ஒரு விதவையின் வீட்டில் வேலை பழகுகிறான். அந்த நான்காம் பாகத்தை முதலில் வாசித்தபோது எனக்கு ஏமாற்றம். ஐம்பது வயதில் திரும்ப வாசித்தபோது தொடர் முழுவதிலும் அதுதான் சிறந்தது என்று பட்டது. ஒரு கதை ஏன் தொடராக நீள வேண்டும் என்பதற்கு இதைவிட நியாயம் எனக்குத் தெரியாது: விலையைக் கொடுப்பது ஒரு கணம், கொடுத்த பிறகு வாழ்வது பல வருடம்.

நம்மூரிலேயே ஒருவர் இருந்தார். ஆர்தர் சி. கிளார்க். அவர் எழுதியது விஞ்ஞானக் கதை. இருந்தாலும் ஒரு தகவலுக்காக அழைக்கிறேன். 1979இல் வந்த அவருடைய நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அது நிற்க வேண்டிய இடம் பூமத்திய ரேகை. இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவைத் தூக்கி ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே வைத்து, தப்ரபேன் என்று பழைய பெயரையும் சூட்டிவிட்டார். ஒரு பௌதிக விதியை மீறக் கூடாதென்று ஒரு நாட்டையே நகர்த்தியிருக்கிறார்! எங்கள் வளவுச் சிறுமி இதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பாள்.

ஹரி பொட்டரைப் பற்றிக் கேட்பீர்கள். 1997 முதல் 2007 வரை ஏழு பாகம். வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்பு யன்னலோரத்தில் கணிதப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்த பிள்ளைகளிடமிருந்து நானே பல பிரதிகளைப் பறித்திருக்கிறேன். பறித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். என் தீர்ப்பு கலவையானது. அதில் மந்திரத்தின் சட்டம் தளர்வு. தேவைப்பட்ட இடத்தில் தேவையான மந்திரம் வந்துவிடுகிறது. காலத்தைத் திருப்புகிற கருவி மூன்றாம் பாகத்தில் வருகிறது. அப்படி ஒன்று இருக்குமென்றால் மற்ற ஆறு பாகத்தின் துயரமும் ஏன் என்று கேள்வி வரும். ஆசிரியைக்கும் அது வந்திருக்க வேண்டும், ஐந்தாம் பாகத்தில் அவற்றை உடைத்துவிட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தின் சட்டம் உறுதி. நேர அட்டவணை, விடுதிப் புள்ளிகள், பரீட்சை, தண்டனை. காலை பள்ளிக்கூடம், பின்னேரம் மூன்று ரியூசன் என்று ஓடும் கொழும்புப் பிள்ளைக்கு அதுதான் நம்பத் தகுந்த உலகமாக இருந்தது. மந்திரக்கோலை அவர்கள் மன்னித்தார்கள்.

மோசமானவற்றின் பெயர்களைச் சொல்லிப் பகை தேட விரும்பவில்லை. அடையாளம் ஒன்றுதான்: நாயகன் சாகிறான், அடுத்த பாகத்தில் எழும்புகிறான். ஒருமுறை எழும்பினால் பிறகு எந்தச் சாவுக்கும் நாம் அழமாட்டோம். பதினான்கு பாகம் எழுதினாலும் அதற்குள் ஒரு மணிநேரம்கூட இருக்காது.

எங்கள் கொப்பிக்கு என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, இதழ்கள் திரும்ப வந்தன. நாங்கள் விட்ட தொடர் எப்போதோ முடிந்து வேறு ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் மீசை முளைத்திருந்தது. கொப்பி அக்காவின் அலுமாரியில் கிடந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் அலுமாரியும் வீடும் போயின. ஐந்து பேரில் இருவர் ரொறன்ரோவில், ஒருவர் எங்கே என்று தெரியாது. பறக்கும் பாயை மறுத்த சிறுமி இன்று பாட்டி. இந்த மண்டபத்தில், மூன்றாம் வரிசையில் இருக்கிறார். நாயகன் எதை இழக்க வேண்டும் என்பதில் நானும் அவரும் அன்று எதிர்க் கட்சி. தேநீர் நேரத்தில் கேட்டேன், இன்னும் எதிர்க் கட்சிதானாம்.

அம்புலிமாமாவும் 2010களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஆகவே இது உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், தடுக்க வேண்டாம். கிழமையில் ஒரு நாள் மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, தமிழில், முருங்கை மரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிபந்தனையையும் தெளிவாகச் சொல்லுங்கள். கேள்வி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போங்கள். விடையை அடுத்த கிழமை வரை சொல்ல வேண்டாம்.